கிணற்று நீருக்கும் கணக்கு வேண்டும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது முதுமொழி. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு எனப்படுவதும் மாரியில் ஓடிக் கோடையில் வற்றி அடங்குவதே. ஆகவே இங்குள்ள கமக்காரர் தம் தோட்டங்களுக்கு இறைக்கும் நீரும், வீட்டார் குடிக்கும் நீரும் பெரும்பாலும் நிலத்தின் கீழுள்ள ஒரே சேமிப்பிலிருந்தே வருகின்றன. அச்சேமிப்பு எவ்வளவு, அதில் ஆண்டுதோறும் சேர்வது எவ்வளவு, எடுக்கத்தக்கது எவ்வளவு என்பவற்றைக் கண்ணாற் காணவியலாது, கணக்கினாலேயே அறியலாகும்.

இயற்கையில் நிகழும் ஒன்றை எண்களாலும் சமன்பாடுகளாலும் உருவமைத்துக் காட்டுவது கணித மாதிரியுரு எனப்படும். பெயர் பெரிதாயினும் கருத்து எளியது. பத்தாயத்திலுள்ள நெல்லை மதிப்பிட்டு, வீட்டிலுள்ளோர் தொகையையும் எண்ணி, அடுத்த அறுவடைவரை அது போதுமா என்று பார்க்கும் இல்லத்தரசி செய்வதும் அத்தகையதொரு கணக்கே. அதே முறையைக் கிணற்றுக்கும் பசளைக்கும் வயலுக்கும் பயன்படுத்தும் வகையை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

நன்னீர் மிதக்கும் நிலம்

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல்லாகும். அது வெடிப்புகளும் குகைகளும் நிறைந்தது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவ மழையின் ஒரு பகுதி மண்ணினூடாகக் கீழிறங்கி இக்கல்லின் இடைவெளிகளில் தங்குகின்றது. குடாநாட்டைச் சூழக் கடலும் கடனீரேரிகளும் உள்ளமையால், அதே கல்லினுள் கீழ்ப்புறமாக உவர்நீரும் புகுந்து நிற்கின்றது. நன்னீர் இலேசானது, உவர்நீர் கனமானது. எனவே மழையால் வந்த நன்னீர் உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப்போல மிதந்து நிற்கின்றது. நடுவில் தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் இருப்பது அவ்வில்லையின் இயல்பு.

புத்தூரை அடுத்துள்ள நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கூடான சான்று. அக்கிணற்றின் மேற்பகுதியிலுள்ள நீர் நன்னீர். ஆழத்துக்குச் செல்லச் செல்ல உவர் மிகுகின்றது. குடாநாட்டின் நிலத்தடி முழுவதும் ஏறத்தாழ இவ்வமைப்பையே உடையது எனலாம்.

நாற்பது மடங்குக் கணக்கு

நன்னீர் எவ்வளவு ஆழம்வரை உள்ளது என்பதை அறிவதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒல்லாந்து நாட்டைச் சேர்ந்த படோன் கைபன் என்பவர் அம்ஸ்ரடாம் நகரை அடுத்த நிலத்தடி நீரை ஆராய்ந்து 1889ஆம் ஆண்டளவிலும், ஜேர்மனியைச் சேர்ந்த ஹேர்ஸ்பேர்க் என்பவர் வடகடற் கரையின் நீர் வழங்கலை ஆராய்ந்து 1901ஆம் ஆண்டிலும் இதனை வெவ்வேறாக வெளியிட்டனர். ஆகவே அது அவ்விருவர் பெயராலும் வழங்குகின்றது.

நன்னீரின் அடர்த்தியை 1.000 எனக் கொண்டால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025 ஆகும். 40 அடி உயரமான கடல்நீர்த் தூணின் பாரமும் 41 அடி உயரமான நன்னீர்த் தூணின் பாரமும் சமமானவை, 40ஐ 1.025 ஆற் பெருக்கினால் 41 வருவதைக் காண்க. இதன் பொருள் யாதெனில், நிலத்தடி நீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடிவரை நன்னீர் நிற்கும் என்பதாம். 3 அடி உயர்ந்து நின்றால் 120 அடிவரை நிற்கும்.

இக்கணக்கின் மறுபக்கமே கமக்காரர் கருத்திற் கொள்ளவேண்டியது. அளவு மீறி இறைப்பதனால் ஓர் ஊரின் நீர் மட்டம் 1 அடி தாழ்ந்து, அவ்வாறே நிலைத்துவிட்டால், கீழுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலேறும். கிணற்றின் மேல் மட்டத்தில் தென்படும் சிறு மாற்றம் கீழே நாற்பது மடங்காகப் பெருகுகின்றது. கோடையின் இறுதியில் நீர் மட்டம் பல இடங்களிற் கடல் மட்டத்தினின்றும் சிறிதே உயர்ந்திருப்பதால், தாழ்வதற்கு இடம் மிகக் குறைவு. மேலும், ஒரே கிணற்றில் வலிய பம்பைப் பூட்டி விரைவாக இறைக்கும்போது, அக்கிணற்றின் நேர் கீழே உவர்நீர் கூம்புபோல் எழும்பும். அயற்கிணறு நன்றாயிருக்க ஒரு கிணறு மாத்திரம் உவராவதற்கு இது ஒரு காரணம். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. பம்பு களைப்பதில்லை, ஆதலின் கணக்கே காவலாதல் வேண்டும்.

நிலத்தடி நீரின் வரவும் செலவும்

கணக்கிடுவதற்கு எளிதாக ஒரு பரப்புக் காணியை எடுத்துக்கொள்க. 16 பரப்பு ஓர் ஏக்கராதலால் 1 பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர் ஆகும். அதன்மேல் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 253 லீற்றர் நீர் விழும். இந்த எண்ணை நினைவில் இருத்துதல் நன்று. பின்வரும் கணக்குகள் யாவும் அதனின்றே பிறக்கின்றன.

குடாநாட்டில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை சராசரியாக 1,250 மில்லிமீற்றர் அளவினது. இதில் ஒரு பகுதி ஆவியாகின்றது; ஒரு பகுதி கடலுக்கு ஓடிவிடுகின்றது. எஞ்சியதே நிலத்தடிக்குச் செல்கின்றது. அவ்வாறு செல்வது 400 மில்லிமீற்றர் என உதாரணத்துக்காகக் கொள்க. அப்படியாயின் ஒரு பரப்புக் காணி நிலத்தடிச் சேமிப்புக்கு ஆண்டுதோறும் கொடுப்பது 1,01,200 லீற்றர் ஆகும்.

இனிச் செலவைக் காண்க. நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீரைச் செலவிடும் 70 நாட் பயிர் ஒன்று 350 மில்லிமீற்றர் நீரை ஆவியாக வெளிவிடுகின்றது. ஆண்டில் இவ்வாறான இரு பயிர்களை இறைத்துச் செய்தால் செலவு 700 மில்லிமீற்றர். காணி கொடுத்ததோ 400. மீதி 300 மில்லிமீற்றர் எங்கிருந்து வந்தது? பயிரிடாத பனங்கூடல்களும், பற்றைக் காடுகளும், மழைநீர் தேங்கும் குளங்களும், மாரியில் நீர் மறித்து வைக்கும் நெல்வயல்களுமே அதனைக் கொடுத்தன. தோட்டக்காரர் ஒருவரின் வெங்காயம் பிறர் காணியின் மழையாலும் விளைகின்றது என்பது இக்கணக்குக் காட்டும் உண்மை. ஆகையால் ஊர்க்குளத்தைத் தூர்ப்பதும், வெள்ள வாய்க்காலை அடைப்பதும், வெற்று நிலத்தைச் சீமெந்தால் மூடுவதும் தோட்டக் கிணற்றின் வரவைக் குறைப்பனவேயாம்.

வரவு முழுவதையும் எடுத்துவிடலாம் என்று கருதுதலும் தவறு. நன்னீரின் ஒரு பகுதி எப்போதும் கடலை நோக்கி மெல்ல ஒழுகிக்கொண்டிருத்தல் வேண்டும். அவ்வொழுக்கே உவர்நீரை வெளியே தள்ளி நிறுத்துவது. கீரிமலைக் கரையிற் பொங்கும் நன்னீர் ஊற்று வீணாகப் போவதுபோலத் தோன்றினும், அவ்வகை ஒழுக்குகள் கடலுக்கு எதிரான காவலரண்களாகும்.

வரவைப் பெருக்கும் திட்டங்களும் இதே கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954ஆம் ஆண்டில் முன்வைத்த யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் திட்டம், கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவுக் கடனீரேரியில் மறித்து, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுவர எண்ணியது. கடனீரேரியில் நன்னீர் நின்றால், சூழவுள்ள நிலத்தடி நீர் மட்டம் உயரும். மேலே உயரும் ஒவ்வோர் அடிக்கும் கீழே உவர் நாற்பது அடி தாழும் என்பதே அதன் உட்கருத்து.

பயிருக்கு எவ்வளவு நீர்

பயிர் குடிக்கும் நீரை ஞாயிற்றின் வெப்பம், காற்று, ஈரப்பதன் என்பவற்றிலிருந்து கணிக்கும் சமன்பாட்டை இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பென்மன் 1948ஆம் ஆண்டில் வெளியிட்டார். மொன்ரீத் என்பவர் அதனை 1965ஆம் ஆண்டில் மேலும் திருத்தினார். உலக உணவு விவசாய தாபனம் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட கைந்நூல் அம்முறையையே நியமமாகக் கொண்டது.

இம்முறையில் முதலிற் புல் மூடிய நிலம் ஒன்று செலவிடும் நீர் கணிக்கப்படும். பின்னர் அது பயிருக்குரிய குணகத்தாற் பெருக்கப்படும். வெங்காயத்துக்கு ஆரம்பத்தில் 0.7 ஆகவும், நன்கு வளர்ந்தபின் 1.05 ஆகவும், அறுவடைக் காலத்தில் 0.75 ஆகவும் அக்குணகம் அமையும். புல்நிலம் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் செலவிடும் காலத்தில் இளம் வெங்காயத்துக்கு 3.5 மில்லிமீற்றர் போதும்; நடுப்பருவத்தில் 5.25 மில்லிமீற்றர் வேண்டும். நட்ட நாள் முதல் அறுவடைவரை ஒரே அளவாக இறைப்பது பயிரின் தேவையை அறியாது இறைப்பதாகும்.

பம்பு ஓட வேண்டிய நேரம்

இவ்வளவை இறைப்பு நேரமாக மாற்றுவது எளிது. முதலிற் பம்பு தரும் நீரை அளந்தறிதல் வேண்டும். 200 லீற்றர்ப் பீப்பா ஒன்றை வாய்க்கால் தலைப்பில் வைத்து, அது நிரம்பும் நேரத்தைக் குறித்துக்கொள்க. 25 விநாடியில் நிரம்பினால் அப்பம்பு விநாடிக்கு 8 லீற்றர், அதாவது மணிக்கு 28,800 லீற்றர் தருகின்றது.

கமக்காரர் ஒருவர் 8 பரப்பில் வெங்காயம் செய்து மூன்று நாளுக்கு ஒருமுறை இறைக்கின்றார் எனக் கொள்க. நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றராக மூன்று நாட் தேவை 15 மில்லிமீற்றர். 253ஐ 8 ஆலும் 15 ஆலும் பெருக்க 30,360 லீற்றர் வரும். வாய்க்காலில் ஐந்தில் ஒரு பங்கு கசியும் எனக் கொண்டால் இறைக்கவேண்டியது ஏறத்தாழ 38,000 லீற்றர். மேற்படி பம்புக்கு இது 1 மணி 20 நிமிட வேலை.

வழக்கப்படி அவர் 2 மணி நேரம் இறைப்பாராயின் ஒவ்வோர் இறைப்பிலும் 40 நிமிடம் மிகை. 20 இறைப்பில் அது 13 மணிக்கு மேற்பட்ட நேரமாகும். மிகையாக இறைத்த நீர் 3,80,000 லீற்றருக்கு மேற்படும். அந்நீரிற் பெரும்பகுதி மண்ணினூடாகத் திரும்பவும் நிலத்தடிக்கே செல்லும் என்பது உண்மைதான். ஆயினும் எரிபொருளுக்குக் கொடுத்த பணம் திரும்புவதில்லை. திரும்பும் நீரும் வெறுங்கையுடன் செல்வதில்லை. பாத்தியிலிட்ட பசளையையும் கரைத்துக்கொண்டே செல்கின்றது.

பசளையும் குழந்தையும்

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. பயிர் எடுக்காது விட்ட நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறி, நீருடன் கீழிறங்கும். 1 கிலோகிராம் நைதரசன் 4.43 கிலோகிராம் நைத்திரேற்றாகும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார தாபனம் வகுத்த எல்லை. புட்டிப்பால் குடிக்கும் சிசுக்களைக் கருதியே இவ்வெல்லை வகுக்கப்பட்டது. எல்லை கடந்த நீரிற் கரைத்த பாலைக் குடிக்கும் சிசுவின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை இழக்கக்கூடும். அப்போது உடல் நீலம் பாரிக்கும். உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

ஒரு பரப்புக் காணியின் ஆண்டு வரவு 1,01,200 லீற்றர் என மேலே கணிக்கப்பட்டது. அந்நீர் முழுவதையும் இவ்வெல்லைவரை கொண்டுசெல்ல 5.06 கிலோகிராம் நைத்திரேற்றுப் போதும். அது 1.14 கிலோகிராம் நைதரசனுக்குச் சமம். அதாவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோகிராம் யூரியா. பரப்புக்கு இரண்டரைக் கிலோகிராம் யூரியாவுக்குரிய நைதரசன் ஆண்டுதோறும் வீணாகிக் கீழிறங்கினால், அக்காணி தரும் நன்னீர் முழுவதும் எல்லையைத் தொட்டுவிடும். ஒரு கையளவு கூடுதலாகப் போட்டால் என்ன என்று கருதுவோர் இவ்வெண்ணை நன்கு சிந்தித்தல் வேண்டும்.

நைத்திரேற்றுக்குச் சுவையில்லை, மணமில்லை, நிறமில்லை. நீரைக் கொதிக்க வைப்பதால் அது நீங்குவதுமில்லை. நீர் வற்றுமளவுக்கு அதன் செறிவு கூடவே செய்யும். தோட்டக் கிணற்று நீரைச் சிசுக்களுக்குக் கொடுக்குமுன் பரிசோதித்தலே தக்க வழி.

இதனாற் பசளையை அடியோடு கைவிடவேண்டும் என்பது கருத்தன்று. விதந்துரைக்கப்பட்ட அளவைப் பலமுறையாகப் பிரித்திடுதலும், பசளையிட்டவுடன் அளவு மீறி இறையாதிருத்தலும், சாணம், கூட்டெரு, பசுந்தாட் பசளை என்பவற்றிலுள்ள நைதரசனையும் கணக்கிற் சேர்த்து யூரியாவைக் குறைத்தலும் வேண்டும். தொழிற்சாலைகள் யூரியாவைப் பெரும்பாலும் இயற்கை வாயுவைக் கொண்டே ஆக்குகின்றன. வீணாகாது தடுக்கப்படும் ஒவ்வொரு கிலோகிராமும் அங்கே எரியும் எரிபொருளையும் மீதப்படுத்துகின்றது.

உவர் ஏறினால் இழப்பு எவ்வளவு

பயிர்கள் உவரைத் தாங்கும் ஆற்றலை மாஸ், ஹொவ்மன் என்னும் இருவர் 1977ஆம் ஆண்டில் ஓர் எளிய மாதிரியுருவாக வகுத்தனர். மண்ணின் உவர் ஓர் எல்லைவரை விளைச்சலைப் பாதியாது. அதன்பின் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் ஒரு குறித்த வீதத்தாற் குறையும் என்பது அதன் சாரம். மீற்றருக்கு டெசிசீமன் என்னும் அலகில், வெங்காயத்தின் எல்லை 1.2, அதன்மேல் அலகுக்கு நூற்றுக்கு 16 வீதம் குறையும். மிளகாயின் எல்லை 1.5, குறைவு 14 வீதம். தக்காளியின் எல்லை 2.5, குறைவு 9.9 வீதம்.

மண்ணின் உவர் 3.2 ஆகிவிட்டால் வெங்காயம் எல்லையை 2 அலகு கடந்துவிட்டது. விளைச்சலில் நூற்றுக்கு 32 பங்கு இழப்பாகும். அதே மண்ணில் தக்காளிக்கு ஏற்படும் இழப்பு 7 பங்களவே. ஆகவே உவர் ஏறத் தொடங்கிய கிணற்றை நம்பி வெங்காயம் நடுவோர், நடுமுன் நீரையும் மண்ணையும் பரிசோதித்துப் பயிரைத் தெரிதல் நன்று.

நெல்வயலிற் கணக்கு

இரணைமடு போன்ற குளங்களின் கீழ் நெற்செய்கை பண்ணுவோருக்கும் இக்கணக்கு உதவும். ஓர் ஏக்கர் வயலில் 1 மில்லிமீற்றர் நீர் என்பது 4,047 லீற்றர். மழையும் பாய்ச்சிய நீரும் வரவு; ஆவியாதல், கசிவு, வழிந்தோடல் என்பன செலவு. வயலில் எக்காலமும் நீரை நிறுத்திவைத்தால் கசிவு மிகும்.

சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய மாறி மாறி நனைத்து உலர்த்தும் முறையில், துளையிட்ட குழாய் ஒன்று வயலிற் பதிக்கப்படும். குழாயினுள் நீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றர்வரை இறங்கியபின் மறுபடி நீர் பாய்ச்சப்படும். பூக்கும் காலத்தில் மாத்திரம் நீர் வற்றவிடலாகாது.

இதனால் மற்றொரு நன்மையும் உண்டு. நீர் தேங்கிய மண்ணில் நுண்ணுயிர்கள் மெதேன் வாயுவை உண்டாக்குகின்றன. அது பூமியை வெப்பமடையச் செய்யும் வாயுக்களுள் ஒன்று. காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பு முறைப்படி, சேதனப் பசளை இடாது எக்காலமும் நீர் நிறுத்திய வயலில் எக்டேயருக்கு நாளொன்றுக்கு 1.30 கிலோகிராம் மெதேன் வெளிவரும். 100 நாளில் அது 130 கிலோகிராம். பலமுறை நீரை வற்றவிட்டால் அதனை 0.52 ஆற் பெருக்க வேண்டும், ஆகவே 67.6 கிலோகிராமாகக் குறையும். வயலை உலர்த்தும்போது நைதரசு ஒட்சைட்டு என்னும் வேறொரு வாயு சிறிது கூடக்கூடுமாதலால், இங்கும் நைதரசன் பசளையை அளவறிந்து இடுதல் அவசியம்.

கணக்கின் எல்லை

எந்த மாதிரியுருவும் இயற்கையின் சாயலேயன்றி இயற்கையன்று. நாற்பது மடங்குக் கணக்கு, நீர் அசையாது நிற்கின்றது என்றும், நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையே கூரிய எல்லை உண்டு என்றும் கொள்கின்றது. உண்மையில் இரண்டும் கலந்த ஒரு படை இடையில் உண்டு. சுண்ணக்கல்லின் குகைகளினூடாக நீர் எதிர்பாராத வழியில் ஓடுதலும் கூடும். மழையும் ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். ஆகவே கணக்குச் சொல்வதைக் கிணறு சொல்வதுடன் ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருத்தல் வேண்டும். அதற்குக் கமக்காரரின் சொந்த அளவைகளே சிறந்த துணை. நீண்டகாலக் கிணற்றுக் குறிப்புகள் இன்றி எவ்வளவு சிறந்த சமன்பாடும் குருடேயாம்.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. கயிற்றில் ஈயக் குண்டு கட்டி, இரு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் இறைக்குமுன் கிணற்று நீர் மட்டத்தை அளந்து, திகதியுடன் ஒரு கொப்பியிற் குறித்தல்.

2. பம்பு தரும் நீரைப் பீப்பா கொண்டு அளந்து, பயிரின் பருவத்துக்கேற்ற இறைப்பு நேரத்தைக் கணித்தல்.

3. விரைவாக ஒரேயடியாக இறையாது, கோடையின் இறுதியில் இறைப்பைப் பகுதிகளாகப் பிரித்தல்.

4. மண் பரிசோதனைக்கு ஏற்பப் பசளையிடுதல். இட்ட அளவையும் அதே கொப்பியில் எழுதிவைத்தல்.

5. கிணற்று நீரின் உவரையும் நைத்திரேற்றையும் காலந்தோறும் பரிசோதிப்பித்தல்.

6. ஊர்க்குளங்களையும் வெள்ள வாய்க்கால்களையும் மாரிக்கு முன் ஊரார் கூடித் திருத்துதல்.

இக்குறிப்புகளை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி ஆலோசனை பெறலாம். ஒரு கிணற்றின் குறிப்பு ஒரு தோட்டத்துக்கு உதவும். ஓர் ஊரின் குறிப்புகள் ஒன்றுசேர்ந்தால் ஊரின் நீர்க்கணக்கே தெளிவாகும். நிலத்தின் கீழுள்ள நன்னீர் ஒருவர் முதுசமன்று. அயலவருக்கும் அடுத்த தலைமுறைக்கும் உரிய பொதுச் சொத்தாகும். உவராகிய கிணற்றை மறுபடி நன்னீராக்கப் பல மாரிகள் செல்லும். உவராகாது காப்பதற்கோ ஒரு கொப்பியும், ஒரு கயிறும், அளந்திறைக்கும் பழக்கமும் போதும்.